குதிரைமீது தீராத ஈடுபாடும் சிறுமிகளின் ஆட்டிசமும்: தொடர்பு உண்டா?

நிலாமுற்றம் எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். நாங்கள் இங்கிலாந்தின் தென்பகுதியில் குடியிருக்கிறோம். என் மகளுக்கு இப்போது 10 வயது. 7 வயதில் பள்ளியிலிருந்து ஒரு பண்ணைக்கு அழைத்துச் சென்றார்கள். அன்று மாலை வீட்டில் தொடங்கிய குதிரைப் பேச்சு மூன்று ஆண்டுகளாகியும் ஓயவில்லை. குதிரை இனங்களை நாடுவாரியாக எழுதிவைத்த நோட்டுகள் மட்டும் ஆறு இருக்கின்றன. உயரத்தைக் 'கை' அளவில்தான் சொல்வாள். ஒரு கை என்பது 4 அங்குலம் என்பதையும், 14 கை 2 அங்குலத்துக்கு மேற்படாததைத்தான் போனி என்பார்கள் என்பதையும் நான் அவளிடமிருந்தே கற்றுக்கொண்டேன். சென்ற மாதம் ஒரு பிறந்தநாள் விழாவில், வாழ்த்து அட்டையில் இருப்பது குதிரையன்று, போனி என்று அந்த வீட்டுக் குழந்தைக்கு நெடுநேரம் விளக்கியிருக்கிறாள். அந்தக் குழந்தை எழுந்து விளையாடப் போன பிறகும் விளக்கம் நிற்கவில்லையாம்.

பக்கத்து வீட்டுப் பெண்மணி, "குதிரைப் பித்துள்ள பெண் குழந்தைகள் எல்லாம் ஆட்டிசம் உள்ளவர்கள்தாம், இணையத்தில் எல்லோரும் சொல்கிறார்களே" என்றார். வகுப்பாசிரியையிடம் கேட்டால், "இந்த வயதில் எந்தப் பெண் குழந்தைக்குத்தான் குதிரை பிடிக்காது?" என்று சிரித்துவிட்டு வேறு பேச்சுக்குப் போய்விட்டார். யாழ்ப்பாணத்திலிருந்து பேசும் என் அம்மா, "பிள்ளை ஆசைப்படுறாள், விடு" என்கிறார். இம்மூன்றில் எதை நம்புவது? குதிரைக்கும் ஆட்டிசத்துக்கும் உண்மையில் தொடர்பு இருக்கிறதா, அல்லது இது இணையத்து வேடிக்கைப் பேச்சுத்தானா என்பதை அறிந்தவர்கள் சொல்லுங்கள்.

கணக்குப்பிள்ளை எழுதியது:

நான் மருத்துவன் அல்லன், புள்ளியியல் கற்பிப்பவன். உங்கள் அண்டை வீட்டாரின் கூற்றில் உள்ள பிழையை மட்டும் காட்டுகிறேன்.

ஒரு பேச்சுக்கு 1000 சிறுமிகளை எடுத்துக்கொள்வோம். அவர்களில் 10 பேருக்கு ஆட்டிசம் இருக்கிறது என்றும், அந்தப் பத்துப் பேரில் பாதிப் பேர் குதிரைப் பித்துள்ளவர்கள் என்றும் வைத்துக்கொள்வோம். மீதி 990 பேரில் 295 பேருக்கும் அதே பித்து இருக்கிறது எனக் கொள்வோம்; சிறுவர் சிறுமியருக்கான சவாரிச் சங்கமான போனி கிளப் 1929 முதல் நடந்துவரும் நாட்டில் இது மிகையான எண் ஆகாது. ஆக, குதிரைப் பித்துள்ள 300 பேரில் ஆட்டிசம் உள்ளவர்கள் 5 பேர், அதாவது நூற்றுக்கு இரண்டு பேர்கூட இல்லை. ஆட்டிசம் உள்ள சிறுமிகளிடம் குதிரை ஆர்வம் அதிகம் என்று நானே வலிந்து ஏற்றுக்கொண்ட பிறகும் வரும் விடை இது. எண்கள் என் கற்பனை. ஆனால் வேறு எண்களைப் போட்டாலும் அந்த ஆர்வம் பரவலாக உள்ள ஊரில் முடிவு பெரிதாக மாறாது. எங்கும் காணப்படும் ஒன்று எதற்கும் நல்ல அடையாளமாகாது.

இதே கணக்கின்படி, ஆசிரியை சிரித்ததும் தவறுதான். "எல்லோருக்கும் பிடிக்கும்" என்பதிலிருந்து "ஆகவே இவளுக்கு ஒன்றுமில்லை" என்ற முடிவுக்கு வர வழியில்லை. அந்த 300 பேரில் அந்த ஐவரும் இருக்கிறார்கள்.

லாயக்காரி எழுதியது:

நான் சுவீடனில் ஒரு சவாரிப் பள்ளியின் லாயத்தில் பதினோரு ஆண்டுகளாக வேலை செய்கிறேன். இந்நாட்டில் சவாரி கற்பவர்களில் மிகப் பெரும்பாலோர் சிறுமிகளும் பெண்களும்தாம். ஆகவே கணக்குப்பிள்ளை ஐயா சொல்லும் அந்த 300 பேரை நான் நாள்தோறும் பார்க்கிறேன்.

லாயத்துக்கு வரும் சிறுமிகளை நான் மனத்துக்குள் இரண்டாகப் பிரித்து வைத்திருக்கிறேன். இது என் அனுபவம் மட்டுமே; அறிவியல் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். ஒரு சாரார் குதிரையைச் சாக்கிட்டுத் தோழியரைப் பார்க்க வருகிறவர்கள். பிடரிமயிரைப் பின்னும்போதும், சேணத்துக்கு எண்ணெய் பூசும்போதும் அவர்கள் வாய் ஓயாது. குதிரை அவர்களது பேச்சுக்கு ஒரு முற்றம்போல் நிற்கும். வேறு சிலர் குதிரைக்காகவே வருகிறவர்கள். மற்றச் சிறுமிகள் அவர்களுக்குச் சுற்றிக்கொண்டு போகவேண்டிய தூண்களைப் போல. இந்த இரண்டாம் சாராருக்குச் சவாரியைவிட அதற்கு முன்னும் பின்னும் உள்ள வேலைகள் பிடிக்கும். குளம்பில் சிக்கிய கல்லைக் கொக்கியால் எடுப்பது, வயிற்றுவாரை ஒரே துளையில் இறுக்குவது, தூரிகைகளை ஒரே வரிசையில் அடுக்குவது ஆகியவற்றை ஒரு நாளும் மாறாத ஒழுங்கில் செய்வார்கள். யாராவது வரிசையைக் கலைத்துவிட்டால் அழுதுவிடும் ஒரு பெண்ணை நான் அறிவேன்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். குதிரைக்குக் கண்கள் தலையின் இரு பக்கங்களிலும் இருப்பதால், நெற்றிக்கு நேர் முன்னாலும் வாலுக்கு நேர் பின்னாலும் அதற்குப் பார்வை இல்லை. முகத்துக்கு நேரே சென்று கண்ணுக்குள் உற்றுப் பார்க்காதே, தோள்பக்கமாகச் சாய்வாக வா, திடீரென்று கையை வீசாதே என்றுதான் புதிதாக வருகிறவர்களுக்குக் கற்பிக்கிறோம். பெரும்பாலான குழந்தைகளுக்கு இது பழகச் சில வாரங்கள் ஆகும். சில சிறுமிகளுக்கு மட்டும் கற்பிக்கவே வேண்டியதில்லை. பள்ளியில் "ஏன் கண்ணைப் பார்த்துப் பேச மாட்டேன் என்கிறாய்" என்று கண்டிக்கப்பட்ட அதே பழக்கம், இங்கே வந்ததும் நல்ல நடத்தை ஆகிவிடுகிறது. குதிரையை அவர்கள் ஏன் விடாமல் பற்றிக்கொள்கிறார்கள் என்று கேட்டால், என்னிடம் உள்ள விடை இதுதான்.

முப்பத்தெட்டில்_அறிந்தவள் எழுதியது:

லாயக்காரி அக்காவின் கடைசிப் பத்தியைப் படித்துவிட்டுச் சிறிது நேரம் எழுந்து நடந்துவிட்டு வந்து எழுதுகிறேன். எனக்கு ஆட்டிசம் இருப்பது 38 வயதில்தான் உறுதிசெய்யப்பட்டது. சிறுவயதில் எனக்கும் குதிரைதான்.

கணக்குப்பிள்ளை ஐயாவின் கணக்கில் ஓர் ஓட்டை இருக்கிறது. 1000 சிறுமிகளில் 10 பேர் என்று எண்ணும்போது, யார் எண்ணினார்கள், எதை வைத்து எண்ணினார்கள் என்று கேட்க வேண்டும். 1943-இல் ஆட்டிசத்தைப் பற்றி எழுதிய குழந்தை மனநல மருத்துவர் லியோ கானர் விவரித்த 11 குழந்தைகளில் 8 பேர் சிறுவர்கள், 3 பேர் சிறுமிகள். மறு ஆண்டு வியன்னாவில் மருத்துவர் ஹான்ஸ் ஆஸ்பெர்கர் விரிவாக எழுதிய நான்கு பேரும் சிறுவர்களே. இவ்வாறு சிறுவர்களைப் பார்த்து வரைந்த படத்தைக் கையில் வைத்துக்கொண்டுதான் பிறகு சிறுமிகளைத் தேடினார்கள். நான்கு ஆணுக்கு ஒரு பெண் என்று நெடுங்காலம் சொல்லப்பட்ட விகிதம் மூன்றுக்கு ஒன்றுக்கு அருகில் இருக்கும் என்று 2017-இல் பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தவர்கள் கூறினார்கள். ஏற்கெனவே கண்டறியப்பட்டவர்களை மட்டும் எண்ணாமல், மக்களிடையே சென்று தேடிய ஆய்வுகளில் பெண்கள் கூடுதலாகக் கிடைத்தார்கள் என்பது அதில் கவனிக்க வேண்டியது.

இதில் குதிரை எங்கே வருகிறது? ஒரு சிறுவன் ரயில் கால அட்டவணையை மனப்பாடமாகச் சொன்னால் பெரியவர்கள் உடனே நிமிர்ந்து பார்ப்பார்கள். ஒரு சிறுமி நூறு குதிரை இனங்களை அதேபோல ஒப்பித்தால், "எவ்வளவு அன்பான குழந்தை, விலங்கு என்றால் உயிர்" என்பார்கள். நான் ஒப்பித்தேன், அன்பான குழந்தை என்றார்கள். நான் அன்பினால் அதைச் செய்யவில்லை என்பதை எப்படிச் சொல்வேன்? பட்டியல் முழுமை பெறும்போது எனக்குள் ஏதோ அமைதியாகும்; அவ்வளவுதான். குதிரை என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை, முப்பது ஆண்டுகள் மறைத்துவைத்தது. "குதிரை ஆர்வம் ஆட்டிசத்தின் அறிகுறியா" என்ற கேள்வியையே நான் தலைகீழாகக் கேட்க விரும்புகிறேன். சிறுமிகளிடம் ஆட்டிசம் தெரியாமல் போவதற்குக் குதிரை போன்ற 'இயல்பான' ஆர்வங்களும் ஒரு காரணம் அல்லவா?

கணக்குப்பிள்ளை எழுதியது:

அடிப்படை எண்ணிக்கையே குறைவாக இருக்கலாம் என்பதை ஏற்கிறேன். பத்தை இருபதாக்கினால், 300-இல் 5 என்பது ஏறத்தாழ 10 ஆகும். அப்போதும் முப்பதில் ஒருவர்தான். என் வாதம் தளர்ந்தது, விழவில்லை.

சிறப்புக்கல்வி_ஆசிரியை எழுதியது:

சென்னையில் வளர்ச்சிசார் வேறுபாடுகள் உள்ள குழந்தைகளுடன் பணியாற்றுகிறேன். எங்களிடம் வரும் சிறுமிகளில் குதிரைப் பித்துள்ளவரை நான் கண்டதில்லை. மெரினாவில் சவாரிக் குதிரையைத் தூரத்தில் பார்ப்பதோடு சரி என்ற ஊரில் அது வியப்பும் அல்ல. இங்கே அதே இடத்தைப் பூனை, நடிகர் ஒருவரின் படங்கள், ஒரே கதைப் புத்தகத்தின் திரும்பத் திரும்பப் படிப்பு போன்றவை பிடித்துக்கொள்கின்றன. ஈடுபாட்டின் பொருளைக் குழந்தை தன்னைச் சுற்றியுள்ள உலகிலிருந்துதான் எடுத்துக்கொள்கிறது. குதிரைக்கும் ஆட்டிசத்துக்கும் தனித்த உறவு ஏதேனும் இருந்தால், அது குதிரை இல்லாத ஊரிலும் எப்படியாவது தலைகாட்டியிருக்க வேண்டும்.

மதிப்பீட்டில் ஆர்வத்தின் இடம் என்ன என்பதையும் தெளிவாக்குகிறேன். அமெரிக்க மனநல மருத்துவர் சங்கம் 2013-இல் வெளியிட்ட மனநலக் கோளாறுகளுக்கான கையேட்டின் (DSM) ஐந்தாம் பதிப்பில் உள்ள ஆட்டிச வரையறையில், சமூகத் தொடர்பாடல் சார்ந்த மூன்று கூறுகளும் கட்டாயம் இருக்க வேண்டும். அதோடு, திரும்பத் திரும்பச் செய்தல் சார்ந்த நான்கு கூறுகளில் குறைந்தது இரண்டு இருக்க வேண்டும். தீவிரமான, குறுகிய ஈடுபாடு என்பது அந்த நான்கில் ஒன்று மட்டுமே. மற்றவை ஒரே செயலையோ சொல்லையோ திரும்பத் திரும்ப நிகழ்த்துவது, மாற்றத்தைத் தாங்க முடியாமை, ஒலி ஒளி தொடுகை முதலியவற்றில் மிகையான அல்லது குறைவான உணர்திறன் ஆகியவை. ஆகவே குதிரை எத்தனை நோட்டுகளை நிரப்பினாலும், அதை மட்டும் வைத்து எந்த மருத்துவரும் முடிவுக்கு வர முடியாது. அந்த வரையறை ஈடுபாட்டின் அழுத்தத்தையும் பொருளையும் இரண்டையுமே கருத்தில் கொள்கிறது. பொருள் வழக்கத்துக்கு மாறானதாக இருந்தாகவேண்டும் என்று அது கேட்கவில்லை. ஆனால் நடைமுறையில் நம் கண் வினோதமான பொருளைத்தான் முதலில் பிடிக்கிறது. ஆஸ்திரேலியாவில் பணியாற்றும் உளவியலாளர் டோனி அட்வுட் பல ஆண்டுகளாக வலியுறுத்திவருவதும் இதுவே: சிறுமிகளிடம் ஆர்வத்தின் பொருள் அவ்வயதுப் பெண்களுக்கு உரியதாகவே இருக்கும், அழுத்தம்தான் வேறுபடும்.

பெரியவர்களிடம் ஆட்டிசப் பண்புகளை அளக்கக் கேம்பிரிட்ஜில் 2001-இல் உருவாக்கப்பட்ட 50 கேள்விகள் கொண்ட வினாத்தாளைப் பாருங்கள். பொருள்களின் வகைகளைப் பற்றித் தகவல் சேர்ப்பது பிடிக்குமா என்ற கேள்விக்குக் கார், பறவை, ரயில், தாவரம் என எடுத்துக்காட்டுத் தருகிறார்கள். வாகன எண்களைக் கவனிப்பீர்களா என்றும் கேட்கிறார்கள். நூறு குதிரை இனங்களை அறிந்த பெண், "எனக்குக் கார் தெரியாதே" என்று 'இல்லை' எழுதிவிட்டுப் போக நேரும்.

நிலாமுற்றம் அவர்களே, வீட்டில் கவனிக்க வேண்டியவற்றைச் சொல்கிறேன். குதிரையைப் பற்றிப் பேசும்போது எதிரே இருப்பவர் சலிப்படைவதை அவள் உணர்கிறாளா? மற்றவர் குதிரையைப் பற்றிச் சொல்லும் புதிய செய்தியை வாங்கிக்கொள்கிறாளா, அல்லது தன் வரிசையிலிருந்து விலகாமல் பேசுகிறாளா? பள்ளியிலிருந்து வந்ததும் தளர்ந்து விழுகிறாளா? இவற்றைத் தேதியிட்டு எழுதிவையுங்கள். ஆனால் சோதித்துப் பார்ப்பதற்காகக் குதிரையை மட்டும் அவளிடமிருந்து பறித்துவிடாதீர்கள். அப்படிச் செய்த பெற்றோரைப் பார்த்திருக்கிறேன், அதனால் எதுவும் தெளிவாகவில்லை.

எதிர்க்கேள்வி எழுதியது:

எல்லோரும் ஒரு திசையிலேயே போவதால் நான் குறுக்கே வருகிறேன். லாயக்காரி அவர்களின் இரண்டு சாரார் பிரிவினை கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் கிராமப்புற இங்கிலாந்தின் சவாரிப் பள்ளியில் ஒரே ஒரு தமிழ்ச் சிறுமி யாருடனும் பேசாமல் தூரிகை பிடித்து நின்றால், அதற்கு ஆட்டிசத்தைத் தவிர வேறு காரணமே இருக்க முடியாதா? சொந்தப் போனி வைத்திருக்கும் வீட்டுக் குழந்தைகளுக்கு நடுவே வாரம் ஒரு மணி நேரத்துக்குப் பணம் கட்டிவரும் குழந்தை ஒதுங்கி நிற்பது இயல்பு. கூச்சம், நிறம், வசதி மூன்றும் அந்த லாயத்தில் இருக்கின்றன.

தவிர, குதிரை ஆட்டிசம் உள்ள குழந்தையை 'புரிந்துகொள்கிறது' என்ற உருக்கமான பேச்சிலும் எனக்கு நம்பிக்கை குறைவு. 1904-இல் பெர்லினில் கூட்டல் கழித்தல் செய்வதாகப் புகழ்பெற்ற ஹான்ஸ் என்ற குதிரையின் கதை இங்கே பலருக்குத் தெரிந்திருக்கும். குளம்பால் தட்டிச் சரியான விடை சொல்லிவந்த அது கணக்கே போடவில்லை. சரியான எண் வந்ததும் கேள்வி கேட்டவரின் தலையிலும் உடலிலும் தம்மையறியாமல் நிகழ்ந்த நுண்ணிய அசைவைப் பார்த்துத் தட்டுவதை நிறுத்திக்கொண்டது என்பதை உளவியலாளர் ஆஸ்கர் ஃபுங்ஸ்ட் 1907-இல் விளக்கினார். அது யாருடைய உடலையும் படிக்கும். குறிப்பிட்ட சிலரிடம் மட்டும் தனிச்சலுகை காட்டாது.

லாயக்காரி எழுதியது:

ஒதுங்கி நிற்பதற்கு வேறு காரணங்கள் உண்டு என்பது சரியே; நானும் இங்கே கறுத்த தலைமுடியுடன் தனியாக நின்றவள்தான். ஹான்ஸ் கதையோ என் பக்கத்துக்குத்தான் வலுச் சேர்க்கிறது. குதிரை எல்லோரையும் படிக்கும், உண்மை. ஆனால் தான் படித்ததை உடனே, ஒளிக்காமல் காட்டிவிடும்: காது பின்னால் சாய்ந்தால் எரிச்சல், கீழுதடு தளர்ந்தால் அமைதி. முகத்தில் புன்னகையும் உள்ளே வெறுப்பும் வைத்திருக்க அதற்குத் தெரியாது. பள்ளி இடைவேளையில் யார் உண்மையாகச் சிரிக்கிறார்கள், யார் கேலிக்குச் சிரிக்கிறார்கள் என்று பிரித்தறிய முடியாமல் களைத்துப்போன குழந்தைக்கு இது எவ்வளவு பெரிய ஓய்வு என்று எண்ணிப் பாருங்கள்.

முப்பத்தெட்டில்_அறிந்தவள் எழுதியது:

கீழுதடு! அதைப் பார்த்துக்கொண்டே என் 12, 13 வயதுகளைக் கழித்தேன்.

ஒருவரின் வாழ்க்கையைச் சான்றாகக் காட்டக் கூடாது என்று கணக்குப்பிள்ளை ஐயா சொல்வார் என்றாலும் ஆட்டிசம் உள்ள அமெரிக்க விலங்கியல் அறிஞர் டெம்பிள் கிராண்டினை இங்கே குறிப்பிடாமல் இருக்க முடியவில்லை. 1947-இல் பிறந்த அவர், கேலி செய்த மாணவியின்மீது புத்தகத்தை எறிந்ததற்காக ஒரு பள்ளியிலிருந்து வெளியேற்றப்பட்டு, நியூ ஹாம்ப்ஷயரில் குதிரைகள் இருந்த உறைவிடப் பள்ளிக்கு அனுப்பப்பட்டார். அங்கே பாடத்தைவிட லாயம் கூட்டுவதில்தான் காலம் போயிற்று என்று அவரே சொல்லியிருக்கிறார். தன்னைக் கேலி செய்யாத இடங்கள் குதிரைச் சவாரி, மின்னணுவியல், மாதிரி ராக்கெட் போன்ற பொது ஆர்வங்கள் கூடிய இடங்களே என்றும் அவர் கூறிவருகிறார். அங்கிருந்த மற்றப் பெண்களுக்கும் குதிரை பிடிக்கும் என்பதால்தான் அந்த ஆர்வம் அவருக்குப் பாலமாயிற்று. எனக்கு அது திரையாகவும் ஆயிற்று, பாலமாகவும் ஆயிற்று.

நிலாமுற்றம் எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. ஆறு வாரங்களுக்குப் பிறகு எழுதுகிறேன். ஆசிரியை அம்மா சொன்னபடி ஒரு குறிப்பேடு வைத்தேன்.

சவாரிப் பள்ளியில் உள்ள 14 போனிகளின் பெயர், வயது, எந்தக் காலில் வெள்ளை என்பது அனைத்தும் அவளுக்குத் தெரியும். இரண்டு ஆண்டுகளாக அதே சனிக்கிழமை வகுப்பில் உடன்வரும் சிறுமிகளில் ஒருத்தியின் பெயரும் தெரியாது. கேட்டபோது, "அந்தச் சாம்பல் போனியில் ஏறும் பிள்ளை" என்றுதான் அடையாளம் சொன்னாள். எதிர்க்கேள்வி அவர்களின் எச்சரிக்கை மனத்தில் இருந்ததால், நம்மவர்களே நிறைந்த ஞாயிறு தமிழ்ப் பள்ளியிலும் கவனித்தேன். அங்கே அவள் தனியாக நிற்பதில்லை. அதனால்தான் நான் இதுவரை கவலைப்படவில்லை. ஆனால் ஒரு மணி நேரம் பின்வரிசை வாங்கில் அமர்ந்து பார்த்தபோது தெரிந்தது: கலகலப்பான ஒரு பெண்ணின் பக்கத்தில் எப்போதும் நிற்கிறாள், அந்தப் பெண் சிரித்து முடிக்கும் நேரத்தில் இவள் சிரிக்கத் தொடங்குகிறாள், அதே சிரிப்பு, அதே கையசைவு. வீட்டுக்கு வந்ததும் சப்பாத்தைக் கூடக் கழற்றாமல் மேசைக்குக் கீழே சென்று படுத்துக்கொள்கிறாள். அது களைப்பு என்றுதான் இவ்வளவு நாளும் எண்ணியிருந்தேன்.

குடும்ப மருத்துவரிடம் குறிப்பேட்டைக் காட்டினேன். மதிப்பீட்டுக்குப் பரிந்துரை எழுதிவிட்டார். காத்திருப்போர் பட்டியல் நீளம் என்றார். ஒரு கேள்வி: சவாரியே ஆட்டிசத்துக்குச் சிகிச்சை என்று சிலர் விளம்பரம் செய்கிறார்கள். அதை நம்பலாமா?

சிறப்புக்கல்வி_ஆசிரியை எழுதியது:

சிகிச்சை என்ற சொல்லைக் கவனமாகக் கையாள வேண்டும். அமெரிக்காவின் கொலராடோவில் 6 முதல் 16 வயது வரையுள்ள 127 பேரை இரு குழுக்களாகப் பிரித்து நடத்தப்பட்ட ஆய்வு 2015-இல் வெளியானது. ஒரு குழுவுக்கு 10 வாரம் சவாரி. மற்றக் குழுவுக்கு குதிரையைத் தொடாமல் லாயச் செயல்பாடுகள் மட்டும். சவாரி செய்தவர்களிடம் எரிச்சலும் மிகையான துறுதுறுப்பும் குறைந்தன. சமூகத் தொடர்பாடலிலும் பேசும் சொற்களின் எண்ணிக்கையிலும் முன்னேற்றம் தெரிந்தது. பயன் உண்டு என்பதற்கு அது நல்ல சான்று. ஆட்டிசம் நீங்கும் என்பதற்கு அன்று. அதில் பங்கேற்றவர்களிலும் பெரும்பாலோர் சிறுவர்களே என்பதையும் மறக்க வேண்டாம். உங்கள் மகள் இப்போது போகும் சாதாரண சவாரி வகுப்பே போதும். அங்கே ஒரு பொறுப்பாளரிடம் சொல்லி, ஒரு சிறுமியுடன் இணைந்து செய்யும் வேலை ஏதாவது கொடுக்கச் சொல்லுங்கள்.

நிலாமுற்றம் எழுதியது:

நேற்று மகளிடம் மதிப்பீட்டைப் பற்றி எளிமையாகச் சொன்னேன். "அவரிடம் எத்தனை நோட்டுக் கொண்டுபோகலாம்?" என்றுதான் கேட்டாள்.

முப்பத்தெட்டில்_அறிந்தவள் எழுதியது:

ஆறையும் கொண்டுபோகட்டும். என் நோட்டுகளை நான் 15 வயதில் கிழித்துப் போட்டுவிட்டேன். மதிப்பீட்டின்போது அவற்றைக் கேட்டார்கள். உங்கள் குறிப்பேட்டையும் மறவாமல் எடுத்துச் செல்லுங்கள். அந்த மேசையைப் பற்றி எழுதிய பக்கத்தில் ஓர் அடையாளம் வைத்துக்கொண்டால் அங்கே தேட வேண்டியிராது.